தமிழ்நாட்டில் மனநலச் சேவைகள்

தமிழ்நாட்டில் மனநலச் சேவைகள் என்பது தமிழ்நாட்டில் மனநோய்க்கும் மன உளைச்சலுக்கும் ஆளானோருக்குக் கிடைக்கும் மருத்துவம், உளவளத்துணை, மறுவாழ்வு, சட்டப் பாதுகாப்பு ஆகியவற்றைக் குறிக்கும். 1794 இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஒரே காப்பகத்தில் இருந்து, இன்று மாவட்ட மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள், தொலைபேசி உதவிச் சேவைகள் எனப் பல இடங்களுக்கு இச்சேவை பரவியுள்ளது. வசிப்பிடத்துக்கு அருகிலேயே சிகிச்சை பெறுவதை 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஓர் உரிமையாக ஏற்றுள்ளது. எனினும் எந்தச் சேவை எங்கே கிடைக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நோய் தொடங்கியதற்கும் உரிய மருத்துவரைச் சென்று சேர்வதற்கும் இடையே வீணாகும் காலமே பல குடும்பங்களின் பெருந்துன்பமாக உள்ளது.

சொற்களும் பொருளும்

மனநலம் தொடர்பான சொற்கள் அன்றாடப் பேச்சில் ஒன்றோடொன்று கலந்து வழங்குகின்றன. அவற்றை வேறுபடுத்தி அறிவது சரியான சேவையை நாட உதவும்.

மன உளைச்சல்: இழப்பு, கடன், தேர்வு, குடும்பப் பிணக்கு போன்றவற்றால் எவருக்கும் ஏற்படக்கூடிய துயர நிலை. இது எப்போதும் நோய் ஆகாது. ஆனால் வாரக்கணக்கில் நீடித்து உறக்கம், உணவு, வேலை ஆகியவற்றைக் கெடுக்குமானால் மருத்துவரை அணுக வேண்டும்.

பொதுவான மனநோய்கள்: மனச்சோர்வு, பதற்றநோய் முதலியன. இவை பெரும்பாலும் உடல் உபாதைகளாகவே முதலில் வெளிப்படுகின்றன. நெஞ்சுப் படபடப்பு, தலைபாரம், உடம்பு எரிச்சல், தூக்கமின்மை எனப் பொது மருத்துவரிடம் செல்பவர்களில் ஒரு பகுதியினர் இவ்வகையினர்.

தீவிர மனநோய்கள்: மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு முதலியன. காதில் குரல் கேட்பது, காரணமற்ற சந்தேகம், அளவு கடந்த உற்சாகம் போன்றவை இவற்றின் அறிகுறிகளுள் சில.

அறிவுத்திறன் குறைபாடு: இது பிறவியிலேயோ குழந்தைப் பருவத்திலேயோ தோன்றும் வளர்ச்சிக் குறைபாடு. மனநோய் என்ற வரையறையில் சட்டம் இதனைச் சேர்க்கவில்லை. இதற்குரிய சேவைகளும் வேறானவை.

வரலாறு

காப்பகத்தின் காலம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான வேலன்டைன் கொனொலி என்பவர் 1794 இல் சென்னையில் ஒரு மனநோய்க் காப்பகத்தைத் தொடங்கினார். இது 1871 இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாற்றப்பட்டது. 1922 இல் அரசு மனநோய் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. இன்றும் இது மாநிலத்தின் முதன்மையான அரசு மனநல நிறுவனமாக உள்ளது. மாநிலத்தின் எப்பகுதியில் ஒருவருக்கு மனநோய் கண்டாலும் நெடுங்காலம் இங்கேயே அழைத்து வரவேண்டியிருந்தது. "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரே தமிழ்ப் பேச்சிலும் திரைப்பட நகைச்சுவையிலும் ஏளனச் சொல்லாக மாறியது. சிகிச்சைக்குச் செல்வதை வெளியில் சொல்லத் தயங்கும் நிலைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என அறியப்படும் எம். சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை இம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பணியாற்றினார். மருந்தினால் நோய் தணிந்த பின்னும் பலர் வேலையின்றியும் குடும்பத்தாரால் ஏற்கப்படாமலும் இருப்பதைக் கண்ட அவர், மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தை (ஸ்கார்ஃப்) 1984 இல் சென்னையில் நிறுவினார்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957 இல் பாகாயத்தில் ஒரு மனநல மையத்தைத் தொடங்கியது. நோயாளியுடன் குடும்பத்தினர் ஒருவரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறை அங்கு பின்பற்றப்பட்டது. நோயாளியை உற்றாரிடமிருந்து பிரித்து வைப்பதே சிகிச்சை என்றிருந்த காலத்தில் இது ஒரு மாற்று வழியாக அமைந்தது.

ஏர்வாடி தீ விபத்து

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் உள்ள தர்காவுக்கு மனநோய் தீரும் என்ற நம்பிக்கையுடன் பல மதத்தினரும் வருவது வழக்கம். அவ்வாறு வந்தோரைத் தங்கவைக்கத் தனியார் பலர் இல்லங்களை நடத்தினர். 2001 ஆகத்து 6 ஆம் நாள் அதிகாலையில் அத்தகைய ஓர் இல்லத்தின் கீற்றுக்கொட்டகையில் தீப்பிடித்தது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலவில்லை. இவ்விபத்தில் 28 பேர் இறந்தனர்.

இதனைத் தொடர்ந்து ஏர்வாடியில் இயங்கிய இத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. அங்கிருந்தோர் அரசின் பராமரிப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டு, மாநிலங்களில் உள்ள மனநலச் சேவைகளின் நிலையை ஆராயப் பணித்தது. குடும்பத்தார் தம் உறவினரை ஏர்வாடியில் விட்டுச் சென்றதற்கு நம்பிக்கை மட்டுமே காரணமன்று. சொந்த மாவட்டத்தில் செல்லத்தக்க வேறு இடம் எதுவும் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதும் ஒரு காரணமாகும்.

மாவட்டந்தோறும் சிகிச்சை

இந்திய அரசு 1982 இல் தேசிய மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. மனநோய்ச் சிகிச்சையைப் பொது மருத்துவத்தின் பகுதியாக்குவதே இதன் நோக்கம். கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெங்களூர் நிம்கான்சு நிறுவனம் நடத்திய முன்னோட்டத்தின் அடிப்படையில், 1996 இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவானது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. பின்னர் இத்திட்டம் படிப்படியாக மாநிலத்தின் பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், நாகப்பட்டினம் முதலிய கடலோர மாவட்டங்களில் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்து உளவியல் ஆதரவு வழங்கப்பட்டது. மன உளைச்சலில் உள்ளோருக்கு முதல் உதவி செய்ய உள்ளூரில் உள்ளவர்களையே பயிற்றுவிக்க முடியும் என்பதை இப்பணி காட்டியது.

சேவை அளிப்போர்

மனநலத் துறையில் பணியாற்றுவோர் பல வகையினர். இவர்களின் கல்வியும் பணியும் வேறுபடுகின்றன.

மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி. அல்லது அதற்கு இணையான மேற்படிப்புப் பெற்றவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தருபவர் இவரே. தமிழ்நாடு மருத்துவக் கழகத்தின் பதிவேட்டில் இவரது பெயரைச் சரிபார்க்கலாம்.

மருத்துவ உளவியலாளர்: உளவியலில் மேற்படிப்புப் பயின்று, இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவர். உளவியல் சோதனைகளையும் பேச்சு வழிச் சிகிச்சைகளையும் மேற்கொள்வார். மருந்து எழுதித் தரும் அதிகாரம் இவருக்கு இல்லை.

மனநலச் சமூகப் பணியாளர்: குடும்பத்தாருடன் பேசுதல், வேலைக்கும் உதவித்தொகைக்கும் வழிகாட்டுதல், வீட்டுக்குத் திரும்பியவரைத் தொடர்ந்து கவனித்தல் ஆகியன இவரது பணிகள்.

உளவளத்துணையாளர்: பேச்சு வழக்கில் கவுன்சலிங் தருபவர் எனப்படுவார். குடும்பச் சிக்கல், தேர்வு அச்சம், இழப்பின் துயரம் போன்றவற்றில் துணை நிற்பவர். இப்பெயரை எவரும் பயன்படுத்திவிட முடிகிறது என்பதால், அவர் எங்கு என்ன படித்தார் என்று கேட்டறிவது நன்று. அவ்வாறு கேட்பது அவமதிப்பு ஆகாது.

நோயின் தன்மை விளங்காதபோது மனநல மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ முதலில் செல்வது பொருத்தமானது. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை போன்ற உடல் நோய்களும் மனச்சோர்வைப் போன்ற அறிகுறிகளைத் தரலாம். மருத்துவர் அவற்றையும் சோதித்தறிவார்.

சேவை கிடைக்கும் இடங்கள்

அரசு மருத்துவமனைகள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இயங்குகிறது. மற்ற நோய்களுக்குப் போலவே காலையில் வெளிநோயாளர் சீட்டுப் பெற்று, மனநலப் பிரிவு எது எனக் கேட்டுச் செல்லலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் முதலியோர் இடம்பெறுவர். இக்குழு வட்ட மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் சென்று முகாம் நடத்துகிறது. எந்த ஊரில் எந்தக் கிழமை முகாம் நடக்கும் என்பதை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வட்ட மருத்துவமனையிலோ விசாரித்து அறியலாம்.

அரசு மருத்துவமனைகளில் மருந்துகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. தீவிர மனநோய்க்குப் பல ஆண்டுகள் மருந்து உட்கொள்ள வேண்டியிருக்கலாம் என்பதால், இது ஏழைக் குடும்பங்களுக்கு மிகவும் இன்றியமையாதது. தனியார் மருத்துவரிடம் தொடங்கிய சிகிச்சையைப் பணமின்றி இடையில் நிறுத்திவிடுவதைவிட, பழைய மருந்துச்சீட்டுடன் அரசு மருத்துவமனைக்கு மாறுவது நல்லது.

தொண்டு நிறுவனங்கள்

* ஸ்கார்ஃப் (1984, சென்னை): மனச்சிதைவு நோயாளிகளுக்குச் சிகிச்சை, மறுவாழ்வு, ஆய்வு. புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர்களுக்குப் பேருந்து ஒன்றை அனுப்பி, அதனுள் இருந்தபடியே சென்னையில் உள்ள மருத்துவருடன் காணொளி வழியே பேசி, அங்கேயே மருந்து பெறும் முறையை 2010 இல் தொடங்கியது.
* சிநேகா (1986, சென்னை): மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அழைப்பவரின் துயரத்தைச் செவிமடுக்கின்றனர்.
* எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை (1992, மதுரை): தென் மாவட்டங்களில் சிகிச்சை, பகல்நேரப் பராமரிப்பு, தொழிற்பயிற்சி.
* பானியன் (1993, சென்னை): வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி செயக்குமார் ஆகியோர் நிறுவியது. மனநோயுடன் வீதியில் திரியும் பெண்களுக்கு அடைக்கலம் அளிக்கத் தொடங்கி, பின்னர் குடும்பத்தாருடன் சேர்த்துவைக்கும் பணியையும், சேர இயலாதோர் சிறு குழுக்களாக ஊர்களுக்குள் வீடெடுத்து வாழும் முறையையும் வளர்த்தெடுத்தது.
* டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை (1980, சென்னை): குடிநோய்க்கும் போதைப் பழக்கத்துக்கும் சிகிச்சை.

தொலைபேசி உதவி

நேரில் செல்லத் தயங்குவோருக்கும், எங்கே செல்வது என அறியாதோருக்கும் தொலைபேசி உதவிச் சேவைகள் முதல் வாயிலாக அமைகின்றன.

* 14416: டெலி மானசு எனப்படும் தேசியச் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் இயங்குகிறது. நாள் முழுவதும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.
* 104: தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண். பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் மாணவர்களுக்கு இதன் வழியே ஆலோசனை வழங்கப்படுகிறது.
* 044-24640050: சிநேகா.
* 1098 (குழந்தைகள்), 181 (பெண்கள்), 14567 (முதியோர்): அந்தந்தப் பிரிவினருக்கான உதவி எண்கள்.
* 108: உயிருக்கு ஆபத்தான நிலையில் அவசர ஊர்தி.

ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால் அதனை வெற்றுப் பேச்சு எனப் புறக்கணித்தல் கூடாது. அவ்வெண்ணம் உண்டா என நேரடியாகக் கேட்பது அதனைத் தூண்டிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது; ஆனால் அது சரியன்று. அவ்வாறு கேட்பது பேசுவதற்கு வழி திறக்கிறது. அவரைத் தனியே விடாமல், உடனிருந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உதவி எண்ணை அழைக்க நோயுற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்காக உறவினரோ நண்பரோ அழைக்கலாம்.

முதல் சந்திப்பு

மனநலப் பிரிவுக்குச் சென்றவுடன் உள்நோயாளியாகச் சேர்த்துவிடுவர் என்றும், மின்சாரம் பாய்ச்சுவர் என்றும் பலர் அஞ்சுகின்றனர். நடைமுறையில் பெரும்பாலானோர் வெளிநோயாளராகவே சிகிச்சை பெறுகின்றனர். மருத்துவர் முதலில் உறக்கம், பசி, வேலை, குடும்பம், பழைய நோய்கள், குடிப்பழக்கம் ஆகியவை பற்றிக் கேட்பார். உடன் வந்தவரிடமும் பேசுவார். தனியாகப் பேச விரும்புவதாக நோயாளி கேட்கலாம்.

கீழ்க்காண்பவற்றைக் குறித்து எடுத்துச் செல்வது மருத்துவருக்கு உதவும்:

* மாற்றம் எப்போது தொடங்கியது, முதலில் கவனித்தது என்ன
* ஏற்கனவே உட்கொண்ட மருந்துகளும் மருந்துச்சீட்டுகளும் (நாட்டு மருந்து உட்பட)
* குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இத்தகைய நோய் இருந்ததா
* வேறு உடல் நோய்கள், பெண்களாயின் கருவுற்றிருத்தல் அல்லது அண்மைய மகப்பேறு

மனச்சோர்வுக்குரிய மருந்துகள் பயன்தரச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் பலன் தெரியவில்லை என்றோ, நோய் தணிந்துவிட்டது என்றோ தாமாகவே மருந்தை நிறுத்துவது நோய் திரும்புவதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்று. வேண்டாத விளைவுகள் தோன்றினால் அவற்றை மருத்துவரிடம் கூறி, மருந்தையோ அளவையோ மாற்றிக்கொள்ளலாம்.

சட்ட உரிமைகள்

1912 ஆம் ஆண்டின் சட்டம் மனநோயாளரைக் காவலில் வைப்பதையே முதன்மையாகக் கருதியது. அதன் இடத்தில் 1987 ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும், பின்னர் 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் வந்தன. பின்னது 2018 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கூறுகள் வருமாறு:

* அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் நிறுவனங்களில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமை அனைவருக்கும் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு இது கட்டணமற்றது.
* எவரையும் சங்கிலியால் பிணைத்தல் தடை செய்யப்பட்டுள்ளது. மயக்க மருந்தின்றி மின்னதிர்ச்சிச் சிகிச்சை அளித்தலும் தடை செய்யப்பட்டுள்ளது.
* நோயாளி பற்றிய தகவல்கள் கமுக்கமாகக் காக்கப்பட வேண்டும்.
* எதிர்காலத்தில் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் செய்யலாம்.
* விருப்பத்துடன் சேர்ந்த வயதுவந்த நோயாளி வெளியேற விரும்பினால், சட்டம் கூறும் குறிப்பிட்ட சூழல்களில் அன்றி அவரைத் தடுக்க இயலாது.
* காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோய்க்கு அளிப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு அளிக்க வேண்டும்.
* தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார். அவருக்குப் பராமரிப்பு அளிப்பது அரசின் கடமை.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309 ஆம் பிரிவு, 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதையில் இடம்பெறவில்லை. காவல்துறை வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாமல் இருக்க வேண்டிய தேவை இல்லை.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயால் ஏற்படும் குறைபாட்டையும் ஊனமாக ஏற்றுள்ளது. அரசு மருத்துவக் குழு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எனச் சான்றளித்தால், சட்டம் கூறும் சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

வழிபாட்டிடங்களும் சிகிச்சையும்

மனநோய்க்குத் தீர்வு தேடி வழிபாட்டிடங்களுக்குச் செல்வது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள் தங்கி வழிபடுவர். 2001 க்குப் பிறகு அங்கு மனநல மறுவாழ்வு மையம் ஒன்று அமைக்கப்பட்டு, மருத்துவமும் உடன் அளிக்கப்பட்டது. ஏர்வாடியிலும் மருந்தையும் பிரார்த்தனையையும் ஒருங்கே குறிக்கும் "தவா துவா" என்ற திட்டத்தின் கீழ், தர்காவுக்கு வருவோருக்கு மனநலச் சிகிச்சை வழங்கப்படுகிறது. வழிபாட்டைக் கைவிட்டால்தான் மருத்துவம் என்ற நிபந்தனை இங்கில்லை. நம்பிக்கையுடன் வருவோரை அவர்கள் வரும் இடத்திலேயே மருத்துவம் சந்திக்கிறது.

தடைகள்

நிம்கான்சு நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16 இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. அவர்களுள் சிகிச்சை பெறாதோரின் பங்கு நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது.

இதற்கான காரணங்களுள் மருத்துவர் பற்றாக்குறை ஒன்று மட்டுமே. திருமணம் தடைபடும் என்ற அச்சம், குறிப்பாகப் பெண்களின் நோயை மறைக்கச் செய்கிறது. கூலி வேலை செய்வோருக்கு மருத்துவமனைக்குச் செல்லும் நாள் ஒரு நாள் வருமானத்தின் இழப்பு. துணைக்கு வருபவருக்கும் அதே இழப்பு. சோம்பல், திமிர், பேய்பிடித்தல் என நோய்க்கு வேறு பெயர் சூட்டப்படும்போது அதற்குரிய தீர்வும் வேறிடத்தில் தேடப்படுகிறது. நோயாளியைக் கவனிக்கும் தாயோ மனைவியோ தாமே மனச்சோர்வுக்கு ஆளாவதும் உண்டு. அவர்களுக்கும் இதே சேவைகள் உரியன.

மனநோய்கள் பல, தொடக்கத்திலேயே சிகிச்சை பெறும்போது நன்கு கட்டுப்படுகின்றன. ஏர்வாடியில் இறந்தோரின் குடும்பங்கள் பல மாவட்டங்களைக் கடந்து அவர்களை அங்கே கொண்டுசென்றிருந்தன. அதே பயணத்தை இன்று மேற்கொள்ள எண்ணும் ஒரு குடும்பம், தன் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை முதலில் அடையுமாயின் இச்சேவைகளின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்ளலாம்.

இவற்றையும் பார்க்க

* மனச்சோர்வு
* மனச்சிதைவு
* உளவளத்துணை
* ஏர்வாடி தீ விபத்து
* தற்கொலைத் தடுப்பு
* மாற்றுத்திறனாளிகள் உரிமைகள்